சலாம்காரர் எழுந்து நின்ற அன்று

பணம் எடுக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்று அவள் மறுபடி மறுபடி இருப்பைப் பார்த்தாள். எத்தனை தடவை பார்த்தாலும் அதே தொகைதான். போன மாதம் வந்ததில் பாதிக்குப் பாதி. பின்னால் வரிசையில் நின்றவன், "அக்கா, அழுத்தி அழுத்திப் பாத்தா கூடிடுமா?" என்றான். விளையாட்டாகத்தான் கேட்டான். இருந்தாலும் அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் சட்டையைப் பிடித்திருப்பாள். பிடிக்கவில்லை. கையில் வந்ததை எண்ணிக்கூடப் பார்க்காமல் ரவிக்கைக்குள் திணித்துக்கொண்டு நடந்தாள்.

திருட்டுப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை, போலீசிடம் போய் அழலாம். இதை எடுத்தது உதவித்தொகை போடுகிற அலுவலகம். முத்திரை குத்தி, தேதி போட்டு, முறைப்படி எடுத்துக்கொண்டார்கள். 'கூடுதலாக வழங்கப்பட்டதைப் பிடித்தம் செய்கிறோம்' என்று முன்கூட்டியே கடிதமும் அனுப்பியிருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்பார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்துவிடலாம் என்று அவள் நினைத்திருந்தாள். இப்படி ஒரேயடியாக வாயிலும் வயிற்றிலும் அடிப்பார்கள் என்று யார் கண்டது?

கதையை முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கும் வயிறு எரியும்.

அவள் புருஷனுக்கு ஊரிலேயே பெரிய ஹோட்டலில் கதவு திறந்துவிடுகிற வேலை. தங்க நிறப் பித்தான் வைத்த நீலக் கோட்டு, வெள்ளைக் கையுறை, நெஞ்சை நிமிர்த்தி ஒரு நிற்பு. இருபது வருஷத்துக்கு மேல் நின்றார். ஹோட்டலில் எல்லோரும் அவரைச் சலாம்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அதே ஹோட்டலின் அடித்தளத்தில், சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள், இன்றும் போடுகிறாள். அவர் முன்வாசல், அவள் பின்வாசல். கல்யாணப் பேச்சு எடுத்தபோது, "முன்வாசலும் பின்வாசலும் ஒண்ணாச்சுன்னா ஹோட்டலே நம்மளுதுதான்" என்றாராம். அந்தப் பேச்சில்தான் விழுந்தாள்.

வருகிறவர்களின் காலடிச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார் சலாம்காரர். இது ரப்பர் செருப்பு, பார்சல் கொண்டு வருகிறவன். இது குதிகால் உயர்ந்தது, கோபத்தில் வருகிறாள், ஒதுங்கி நில். இது தோல் அடி வைத்த பூட்ஸ், மெதுவாக வருகிறது, பெரிய மனிதர். அந்தத் தோல் பூட்ஸ் சத்தம் படியேறினால் போதும், உட்கார்ந்திருந்தாலும் உடம்பு தானாக எழுந்து நிற்கும். வீட்டில் சாப்பிடும்போதுகூடத் தெருவில் அந்தச் சத்தம் கேட்டால் முதுகு நிமிர்ந்துவிடும். "இவரு ஒருத்தரு! ஹோட்டல் வாசல் வீட்டுக்கே வந்துடுச்சு" என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

அப்புறம் அந்த நிற்பும் போயிற்று. ஒருநாள் கதவைத் திறந்து பிடித்தவாறே சரிந்தார். வலது கையும் வலது காலும் போய்விட்டன. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு மட்டும் குழறலாக மிஞ்சியது, கிண்டலும் அதோடு மிஞ்சியது. படுக்கையோடு கிடப்பவரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறது என்று யாரோ சொல்ல, நாயாய் அலைந்து அதை வாங்கினாள்.

போன வருஷம் மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தார். ஆஸ்பத்திரியில் இருக்கும்போது இந்த உதவித்தொகை கிடையாது என்பது விதி. அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் சேர்த்த மறுநாளே ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அலுவலகத்துக்கு ஓடி, கவுண்டரில் இருந்தவரிடம் சொன்னாள். அவர் பேனாவின் முனையைக் கடித்துக்கொண்டே, "சரிம்மா, சொல்லிட்டீங்கல்ல, நான் கம்ப்யூட்டர்ல ஏத்திடறேன்" என்றார். மகராசன் ஏற்றவில்லை. பணம் வந்துகொண்டே இருந்தது. நமக்கு உரியதுதான் போலிருக்கிறது, இல்லாவிட்டால் ஏன் போடப்போகிறார்கள் என்று அவளும் வாடகைக்கும் மருந்துக்கும் செலவழித்துவிட்டாள். இப்போது அவர்களுடைய கம்ப்யூட்டருக்குத் தூக்கம் தெளிந்துவிட்டது.

பணம் போனால் போகட்டும் என்று விட முடியாது. காரணம், கீழ்வீட்டு அக்கா. அவள் சலவைக் கூடத்துக்குப் போன பிறகு அந்த அக்காதான் மாடியேறி வந்து சலாம்காரருக்குச் சாப்பாடு ஊட்டுவாள், புரட்டிப் போடுவாள், துணி மாற்றுவாள். அதற்காகவே தான் பார்த்துக்கொண்டிருந்த தையல் வேலையை விட்டவள். கூலி கொடுத்தே ஆக வேண்டும்.

"சும்மாவே பாத்துக்கறேன்னு சொல்ல எனக்கும் ஆசைதான்" என்று அந்த அக்கா படியில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "என் வீட்லயும் அடுப்பு எரியணுமே. இந்த மாசம் ஓட்டிக்கலாம். அடுத்த மாசம் என்ன பண்றதுன்னு நீயே சொல்லு."

என்ன சொல்வது? அவள் வேலையை விட்டால் வாடகை இல்லை. வேலைக்குப் போனால் அவரைப் பார்க்க ஆள் இல்லை. மிச்சம் இருந்த ஒரே வழி, ஊருக்கு வெளியே இருந்த அரசாங்கக் காப்பகம். ஒரு விடுமுறை நாளில் இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று பெயரைப் பதிந்துவிட்டு வந்தாள். நீளமான கூடம், வரிசையாகக் கட்டில்கள், மூத்திர வாடை. யாரும் யாரோடும் பேசவில்லை. கூடத்துக்குக் கதவே இல்லை, வெறும் திறப்புதான். சக்கரக் கட்டில் போய்வர வசதியாக இருக்கட்டும் என்று கழற்றிவிட்டார்களாம். கதவே இல்லாத இடத்தில் என் மனுஷனைக் கொண்டுபோய்ப் போடுவேனா? போடவே மாட்டேன் என்று திரும்பி வரும் பஸ்ஸிலேயே முடிவு கட்டினாள்.

வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினாள். சாவி அவளிடம் இருந்தது, இருந்தாலும் தட்டுவாள். அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு.

"வாங்க மேடம், வணக்கம்" என்று உள்ளேயிருந்து குழறலாகக் குரல் வந்தது. "எத்தன நாளு தங்கறீங்க?"

"நீங்க துரத்தற வரைக்கும்" என்று சொல்லிக்கொண்டே திறந்து உள்ளே போனாள். காப்பகத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஊர் நூலகத்தில் வாரம் ஒருமுறை ஒரு மூலையில் மேசை போட்டு ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மனு எழுதத் தெரியாதவர்களுக்கு இலவசமாக எழுதிக் கொடுப்பவர். அவள் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். நடுவே குரல் உயர்ந்துவிட்டது, படித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவாம்மா" என்றார் நூலகத்து மனிதர். "இப்படிப் பாதிய அப்படியே பிடிக்கணும்னு ஒண்ணும் கட்டாயமில்ல. தாங்க முடியாத கஷ்டம்னு காட்டினா குறைச்சே ஆகணும். தப்பும் அவங்க பேர்ல இருக்கு. எழுதிப் போடுவோம். ஆனா நேர்ல வந்து பாப்பாங்க."

"வரட்டும் சார். வந்து பாக்கட்டும்."

"அங்கதான் விஷயமே இருக்கு. வீடு எப்படி இருக்கோ அப்படியே விடுங்க. நல்ல சேலை கட்டாதீங்க. பக்கத்து வீட்ல நாற்காலி வாங்கிப் போடாதீங்க. பெரியவர் எப்படிக் கெடக்கிறாரோ அப்படியே கெடக்கட்டும். வர்றவர் முன்னாடி கௌரவமா இருக்கணும்னு நெனைச்சுத்தான் நெறையப் பேரு கெடுத்துக்கறாங்க."

அவளுக்கு முகம் சுருங்கியது. கீழ்வீட்டு அக்காவிடம் இரண்டு நல்ல நாற்காலி கேட்டு வைத்திருந்தாள். சாயங்காலமே போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

புருஷனுக்கும் பாடம் நடத்தினாள். "அதிகாரி வருவாரு. நீங்க பேசாம படுத்திருக்கணும். கிண்டல் கிண்டல்னு எதையாவது எடுத்து விட்டுராதீங்க."

"படுத்துத்தான இருக்கேன் மேடம்? வேற எங்க ஓடப் போறேன்?" என்று பாதி வாயால் சிரித்தார். "வர்றவருக்கு வணக்கமாவது சொல்லலாமா?"

"மெதுவா சொல்லுங்க. முனகற மாதிரி."

"முனகிட்டே வணக்கமா? நம்ம ஹோட்டல்ல சேத்துக்க மாட்டாங்க."

மத்தியானத்துக்கு மேல் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். காலையில் அவர் நனைத்த விரிப்பை எடுத்துக்கொண்டு கீழே குழாயடிக்குப் போனாள். அலசிப் பிழிந்து வாளியோடு திரும்பினால், அவளுக்கு முன்னால் ஒரு ஜோடி பூட்ஸ் படியேறிக்கொண்டிருந்தது. கறுப்புத் தோல், கண்ணாடி மாதிரி மினுக்கு. நிதானமாக, ஒவ்வொரு படியாக, டக், டக் என்று. இளவயது ஆள், கையில் பை. மத்தியானம் என்றவர்கள் காலையிலேயே வந்து நிற்கிறார்கள்!

சார் என்று கூப்பிட வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டிவிட்டார்.

கதவு திறந்தது.

அந்த வீட்டில் ஒரே ஒரு அறை. கதவை ஒட்டித்தான் கட்டில், வேறு இடமில்லை. கட்டிலுக்கு மேலே ஜன்னல் கம்பி, கம்பிக்குப் பக்கத்தில் ஆணியில் அந்தப் பழைய நீலக் கோட்டு. கம்பியைப் பிடித்தாரா, கதவுக் கைப்பிடியைப் பிடித்தாரா, எப்படி எழுந்தார், கடவுளுக்குத்தான் தெரியும். சலாம்காரர் நின்றுகொண்டிருந்தார். உள்சட்டையின் மேல் ஒரு தோளில் கோட்டு தொங்கியது. இடது கை கதவை விரியத் திறந்து பிடித்திருந்தது. வலது கால் துணிபோல் துவண்டிருந்தது, ஆனால் முதுகு நேராக இருந்தது. தாடையை நிமிர்த்தி, கண்ணில் அந்தப் பழைய ஒளியோடு நின்றார்.

"வணக்கம் சார். வாங்க. தல பாத்து, நெலவாசல் தாழ்வா இருக்கு."

அவள் கையிலிருந்த வாளி நழுவிப் படியில் உருண்டது. மருத்துவர்கள் கைவிட்டுவிட்டார்கள். இனி இவர் நிற்பது சந்தேகம் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவள் வேண்டாத தெய்வம் இல்லை. அந்த மனுஷன் நிற்கிறார்! என்ன பாடம் நடத்தினோம், யார் வந்திருக்கிறார்கள், எதற்கு வந்திருக்கிறார்கள், எல்லாம் அந்த நிமிஷத்தில் மறந்தே போயிற்று.

"ஐயோ, நிக்கிறாரு!" என்று கத்தினாள். ஓடிப்போய் அந்த அதிகாரியின் கையையே பிடித்துவிட்டாள். "நிக்கிறாரு பாருங்க சார்! எங்க வீட்டுக்காரரு நிக்கிறாரு!"

"ஆமாம்மா, நல்லாவே நிக்கிறார்" என்று அந்தப் பையனும் சிரித்தான். கெட்டவன் இல்லை. சந்தோஷமாகத்தான் சொன்னான்.

உள்ளே வந்தான். அறையைச் சுற்றிப் பார்த்தான், ஏதோ கேட்டான், எழுதிக்கொண்டான். அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். கண்ணெல்லாம் புருஷன் மேலேயே இருந்தது. அவர் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றார். விருந்தாளி உள்ளே இருக்கும்வரை கதவுக்காரன் உட்காரக் கூடாது. அதிகாரி கிளம்பியபோது, "மறுபடி வாங்க சார்" என்றார். பூட்ஸ் சத்தம் படியெல்லாம் இறங்கித் தெருவில் கரையும்வரை கதவை விடவில்லை.

கரைந்த பிறகு விழுந்தார். பிடிக்கக்கூட நேரமில்லை. கட்டில் சட்டத்தில் நெற்றி மோதியது. உதடு கிழிந்தது. நின்ற இடம் முழுக்க ஈரமாக இருந்தது, கால் வழியாக எப்போதோ போயிருந்தது. அவளும், வாளிச் சத்தம் கேட்டு மாடியேறி வந்திருந்த கீழ்வீட்டு அக்காவும் சேர்ந்து தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். துடைத்துவிடும்போது ரத்த வாயோடு கேட்டார்.

"எப்படி? பழைய மாதிரியே நின்னேனா?"

"ராஜா மாதிரி நின்னீங்க" என்றாள்.  அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டு என்ன கத்தினோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பதில் கடிதத்தை நூலகத்து மனிதர்தான் படித்துச் சொன்னார். பிடித்தத்தைக் குறைக்க முடியாது. பயனாளி எழுந்து வந்து கதவைத் திறந்து வரவேற்றதை அதிகாரி நேரில் கண்டார். நிற்கிறார் என்று மனைவியும் உறுதி செய்தார். ஆகவே உதவித்தொகையே அடுத்த மாதம் முதல் குறைந்த தொகைக்கான கீழ்ப்படிக்கு மாற்றப்படுகிறது. அதிலிருந்தும் பிடித்தம் தொடரும்.

"மனைவியும் உறுதி செய்தாரா?" என்று நூலகத்து மனிதர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"சந்தோஷத்துல சொன்னேன் சார்" என்றாள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. "அவரு நின்னு எவ்வளவு காலமாச்சு தெரியுமா? சந்தோஷத்துல வாய் தவறிப்போச்சு. சந்தோஷப்பட்டது ஒரு தப்பா?"

அவர் மேல்முறையீட்டு மனுவை எடுத்து எழுத ஆரம்பித்தார். ஆஸ்பத்திரிக் காகிதம் எல்லாம் வைத்தார்கள். காகிதம் ஒன்று சொல்கிறது, எங்கள் அதிகாரியின் கண் ஒன்று சொல்கிறது, ஆகவே ஆளையே அழைத்து வாருங்கள் என்று பதில் வந்தது.

அந்த மாதம் கீழ்வீட்டு அக்காவுக்குப் பாதிக் கூலிதான் கொடுத்தாள். அக்கா வாங்கிக்கொண்டாள், ஆனால் பழைய தையல் மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள். காப்பகத்திலிருந்து ஒரு கட்டில் காலியாகிறது என்று போன் வந்தது. ஒரு வாரம் பொறுங்கள் என்று கெஞ்சினாள்.

விசாரணை அன்று ஆஸ்பத்திரியிலிருந்து இரவல் வாங்கிய சக்கர நாற்காலியில் அவரை உட்கார வைத்து அவளும் நூலகத்து மனிதரும் கூட்டிப் போனார்கள். சலாம்காரர் சவரம் பண்ணிவிடச் சொன்னார். வேண்டாம் என்றாள். கோட்டு வேண்டும் என்றார். அதற்கும் வேண்டாம் என்றாள்.

"வெளிய போறேன், கோட்டு இல்லாமலா?"

"இன்னிக்கு வேண்டாங்க. சொன்னாக் கேளுங்க."

முகத்தைத் திருப்பிக்கொண்டார். 

விசாரணை அறைக்குக் கனமான கண்ணாடிக் கதவு, தானாக மூடிக்கொள்கிற ஸ்பிரிங் வைத்தது. உள்ளே நீள மேசை. மேசைக்குப் பின்னால் இரண்டு பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். அந்த இளம் அதிகாரியும் ஒரு பக்கம் இருந்தான், இவர்களைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தான். சக்கர நாற்காலியைக் கதவோரமாகத்தான் நிறுத்த முடிந்தது. தலைமை வகிக்கிற அம்மாள் இன்னும் வரவில்லை.

வெளியே நடையில் சத்தம் கேட்டது. தோல் அடி வைத்த செருப்பு, நிதானமான நடை. டக், டக். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த அம்மாள் இரண்டு கையிலும் கோப்புகளைச் சுமந்துகொண்டு, தோளால் கதவைத் தள்ள முடியாமல் நின்றாள்.

சலாம்காரரின் இடது கை நாற்காலிக் கட்டையை இறுக்கிப் பிடித்தது. கழுத்து நரம்பு புடைத்தது. உடம்பு மேலே வந்தது, ஒரு அங்குலம், இன்னும் கொஞ்சம்.

அவள் அவர் தோளில் கையை வைத்து அழுத்தினாள்.

அவர் திமிறினார். இரண்டு கையாலும் அழுத்தினாள். எந்த உடம்பு எழுந்து நிற்காதா என்று இத்தனை காலமும் ஏங்கினாளோ, அந்த உடம்பைப் பலங்கொண்ட மட்டும் கீழே அழுத்திப் பிடித்தாள். அவர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படி ஒரு பார்வையை அவர் பார்த்ததில்லை. அப்புறம் அவர் தோள் அவள் கைக்கடியில் தளர்ந்துபோயிற்று. கதவை அந்த இளம் அதிகாரி ஓடிவந்து திறந்துவிட்டான்.

அந்த அம்மாள் உட்கார்ந்து கோப்பைப் பிரித்தாள். "இவர் எழுந்து நின்னு கதவு தெறந்தாருன்னு அறிக்கை சொல்லுது. நின்னாரா இல்லையா?"

"நின்னாரும்மா" என்றாள் அவள். "ஒரே ஒரு தடவ. இந்த சார் போனதும் விழுந்துட்டாரு."

"விழுந்ததை யாரு பாத்தாங்க?"

"நான் பாத்தேன். கீழ்வீட்டு அக்கா பாத்தாங்க."

"தினசரி நிலை என்னன்னு நீங்களே சொல்லுங்க. என்னென்ன செய்ய முடியும், என்னென்ன முடியாது? மறைக்காம சொல்லுங்க. அப்பத்தான் எங்களால முடிவு பண்ண முடியும்."

நூலகத்து மனிதர் அவளைப் பார்த்து, சொல்லுங்கள் என்பதுபோலத் தலையசைத்தார்.  பக்கத்தில் புருஷன் இருக்கிறார். காது நன்றாகக் கேட்கிற மனுஷன். சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்கிறவர்.

சொன்னாள். வேறு என்ன செய்வாள்? காப்பகத்தின் அந்தக் கூடத்தை மனதில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். தானாகப் புரள முடியாது. ஊட்டினாலும் பாதி வழியும். அடக்க முடியாமல் படுக்கையிலேயே போய்விடுவார், ஒரு நாளைக்கு எத்தனை விரிப்பு அலசுகிறாள் என்று சொன்னாள். பின்பக்கத்துப் புண்ணைப் பற்றிச் சொன்னாள். குழந்தைக்குக் கழுவிவிடுகிற மாதிரி கழுவிவிட வேண்டும் என்றாள். ராத்திரியில் அழுவார் என்றாள், அது யாருக்கும் தெரியாத விஷயம், கீழ்வீட்டு அக்காவுக்குக்கூடத் தெரியாது. "ஒண்ணுக்கும் ஆகாத உடம்பும்மா" என்றாள். "அன்னிக்கு நின்னதெல்லாம் ஒரு நிப்பா? அது வெறும் பழக்கம். செத்தாலும் விடாத பழக்கம். அவரால ஒண்ணும் முடியாது. எதுவுமே முடியாது."

"போதும்மா, எழுதிட்டோம்" என்றாள் அந்த அம்மாள்.

அவளால் நிறுத்த முடியவில்லை. யாரோ தண்ணீர் டம்ளரை நீட்டிய பிறகுதான் நிறுத்தினாள். இளம் அதிகாரி தன் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நூலகத்து மனிதர் தரையைப் பார்த்தார். சலாம்காரர் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோணிய வாயிலிருந்து எச்சில் வழிந்தது. வழக்கமாக இடது கையால் அவரே துடைத்துக்கொள்வார், அன்றைக்குத் துடைக்கவில்லை.

ஜெயித்துவிட்டாள். வயிற்றெரிச்சல், ஜெயித்துத்தான் விட்டாள். உதவித்தொகை பழையபடி மேல்படிக்கே திரும்பியது. பிடித்தம் கையைக் கடிக்காத அளவுக்குச் சின்னத் தொகையானது. தகவலைப் பதிவு செய்யாதது அலுவலகத்தின் பிழை என்றுகூட ஒரு வரி இருந்தது. கடிதம் சலவைக் கூடத்து முகவரிக்குத்தான் வந்தது. கூட வேலை செய்கிறவர்கள் சுற்றி நின்று கை தட்டினார்கள். காப்பகத்துக்குப் போன் போட்டு, கட்டில் வேண்டாம் என்று சொன்னாள். கீழ்வீட்டு அக்கா படியிலேயே அவளைக் கட்டிக்கொண்டாள்.

"போ, போய் அவருகிட்ட சொல்லு" என்றாள் அக்கா. பிறகு தயங்கினாள். "மனுஷன் வாயே தெறக்கறதில்லடி. காலைல கேஸ் சிலிண்டர்காரன் வந்தான், அவனுக்குக்கூட ஒரு வணக்கம் இல்ல. என்கிட்ட, அந்தக் கோட்ட எடுத்துட்டுப் போய் உங்க வீட்டுக்காரருக்குக் குடுங்கன்னாரு. நான் வேண்டாம்னேன். அடம் புடிச்சுக் கைல குடுத்துட்டாரு."

அவள் மாடியேறினாள். கடிதத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டினாள்.

உள்ளே சத்தமில்லை. தூங்குகிறாரோ என்று மறுபடி தட்டினாள். "மேடம் வந்திருக்கேன்" என்றாள். தானாகச் சொல்லிக்கொண்டது அவளுக்கே என்னவோ போலிருந்தது.  பிறகு சாவியைப் போட்டுத் திறந்தாள்.

அவர் விழித்துத்தான் இருந்தார். மோட்டுவளையைப் பார்த்தபடி கிடந்தார். பக்கத்தில் ஆணி மட்டும் இருந்தது.

"தட்டினது கேக்கலியா?"

"கேட்டுச்சு."

"அப்புறம் என்னவாம்? கடுதாசி வந்திருக்கு. நம்ம பக்கம்தான் தீர்ப்பு. இனிமே உங்கள எங்கயும் அனுப்ப வேண்டாம். இங்கயே இருக்கலாம், கேட்டீங்களா?"

அவர் அந்தக் கடிதத்தைப் பார்க்கவில்லை. வாயைக் கூட்டிப் பேச அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது.

"எதுக்கு தட்டற?" என்றார். "தொறக்கறதுக்கு ஆள் இருந்தாத்தான தட்டணும். சாவிதான் இருக்குல்ல. தொறந்துட்டு வா."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். விரிப்பு நனைந்திருந்தது. எழுந்து அவரைப் புரட்டி, வேறு விரிப்பு மாற்றினாள். அவர் எதற்கும் மறுப்பில்லாமல், எப்படிப் போட்டாளோ அப்படியே கிடந்தார்.

மறுநாளிலிருந்து அவள் தட்டவில்லை. சாவியைப் போட்டுத் திறந்துகொண்டுதான் உள்ளே வந்தாள்.